பால், முட்டை, மாமிசம்: மேற்சீட்டை வாசித்தறியும் விதம்

பசுவோ எருமையோ இல்லாத பண்ணை வீடு நம் கிராமங்களில் அபூர்வம். ஆயினும் அவ்வித வீடுகளிலேயே சாயங்காலக் காபிக்குக் கடைப் பால் பையைக் கத்தரித்து ஊற்றுவதை என் சுற்றுப்பிரயாணங்களில் அடிக்கடி காண்கிறேன். விடியற்காலையில் கறந்ததைச் சங்கத்தில் ஊற்றிவிடுகிறோம். மாலையில் விருந்தாளிகள் வந்துவிட்டால் பஸ் நிற்கும் இடத்துக் கடைக்குப் பையனை அனுப்புகிறோம். நெய்யும் முட்டையும் அவ்வாறே வீட்டுக்கு வருகின்றன. விற்கிறவரும் நாமே, வாங்குகிறவரும் நாமே என்ற இந்த நிலைமை நம் பாட்டனார் காலத்தில் இல்லாதது. அக்காலத்தில் பால் வாங்குகிறவர் மாட்டின் முன் நின்று, செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, அதில் தண்ணீர் இல்லையென்று தெரிந்த பிறகே கறக்க விடுவார். இன்று மாடும் கண்ணுக்குத் தெரிவதில்லை, செம்பும் தெரிவதில்லை. கவிழ்த்துக் காட்டவேண்டிய அந்தக் காரியத்தைப் பையின்மேல் அச்சிட்டுள்ள சீட்டுத்தான் செய்யவேண்டியிருக்கிறது. அச்சீட்டை வாசிக்கிறவர்களோ மிகச் சிலர்.

சீட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. முன்பக்கத்தில் பச்சைப் புல்வெளியும் மணி கட்டிய பசுவும் இருக்கும். "சுத்தம்", "இயற்கை", "பாரம்பரியம்" என்ற வார்த்தைகள் பெரிய எழுத்தில் இருக்கும். அது வியாபாரியின் பேச்சு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோன்ற சிறிய எழுத்துக்களில் இருப்பதே சட்டம் அவரைச் சொல்லவைத்த பேச்சு. முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவர் படத்தை வாங்குகிறார். பொருள் இன்னதென்று பின்பக்கத்தில்தான் தெரியும்.

உணவில் கலப்படத்தைத் தடுக்கச் சென்னை ராஜதானியில் 1918-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தியா முழுமைக்குமான கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2006-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், விதிகளுடன் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டில் என்னென்ன இருக்கவேண்டுமென்பதை 2020-ம் வருஷத்து விதிகள் விவரிக்கின்றன. பொருளின் உண்மையான பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் விலாசமும், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், 14 இலக்கமுள்ள லைசென்சு எண் ஆகியவை முக்கியமானவை. சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வருமாறு வரிசையாக எழுதவேண்டுமென்பது விதி. இந்த ஒரு விதியை அறிந்தவரை ஏமாற்றுவது சுலபமல்ல.

இவ்விவரங்களை இங்கிலீஷிலாவது ஹிந்தியிலாவது அச்சிட்டால் போதும். தமிழில் இருப்பது விற்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. இதை நான் ஒரு குறையென்றே கருதுகிறேன். ஆயினும் குறை தீரும்வரை காத்திராமல், ஏழாவது எட்டாவது வாசிக்கும் பிள்ளையை அருகில் உட்காரவைத்துப் பையை வாசிக்கச் சொல்லலாம். அது அப்பிள்ளைக்கும் நல்ல பாடமாகும்.

பால்

பால் பையில் முதலாவது பார்க்கவேண்டியது பாலின் வகைப்பெயர். "சமன்படுத்திய பால்" எனில் அதில் கொழுப்பு 100-க்கு 3 பங்குக்கும், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.5 பங்குக்கும் குறையலாகாது. சங்கத்தில் எஸ்.என்.எப். என்று எழுதுவது இத்திடப்பொருளையே. "இருமுறை சமன்படுத்திய பால்" எனில் கொழுப்பு 1.5, திடப்பொருள் 9. "நிலைப்படுத்திய பால்" எனில் 4.5-ம் 8.5-ம். "நிறைகொழுப்புப் பால்" எனில் 6-ம் 9-ம். ஆவின் பைகளில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்ற நிறங்களைக் கொண்டே சமன்படுத்தியது, நிலைப்படுத்தியது, நிறைகொழுப்பு என்று ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள். ஆனால் நிறத்தைச் சட்டம் விதிக்கவில்லை. வேறு நிறுவனத்தார் அதே நீலப் பையில் வேறு வகைப் பாலை அடைத்து விற்கலாம். ஆதலால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் பார்க்கவேண்டும்.

"நாங்கள் சங்கத்தில் 4 பாயிண்டுப் பால் ஊற்றுகிறோம், எங்களுக்கே 3 பாயிண்டுப் பாலைத் திருப்பி விற்கிறார்களே, இது நியாயமா?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் தனியே விற்பனைக்குப் போகிறது. மிச்சமுள்ள பால் குறைந்த கிரயத்தில் அதிகம் பேருக்குக் கிடைக்கிறது. எருமைப் பாலின் கொழுப்பைக் கொழுப்பெடுத்த பால்தூளும் நீரும் சேர்த்துக் குறைத்து, ஒரு குடம் பாலை இரண்டு குடமாக்கும் இம்முறையை 1940-களில் பம்பாய் நகரின் பால் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக தாரா குரோடி என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு 1963-ல் மக்சேசே பரிசு கிடைத்தது. சமன்படுத்தியதென்று சீட்டில் சொல்லி விற்பது மோசடியாகாது. சொல்லாமல் விற்பதே மோசடி. வீட்டுப் பசுவின் பாலுக்குச் சட்டம் கேட்பது 3.2 கொழுப்பும் 8.3 திடப்பொருளுமேயென்பதையும் அந்தப் பெரியவரிடம் சொன்னேன்.

ஒரு லிட்டர் சமன்படுத்திய பாலில் சுமார் 30 கிராம் கொழுப்பும், நிறைகொழுப்புப் பாலில் சுமார் 60 கிராமும் உண்டு. ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அடங்கிய திடப்பொருள் முன்னதில் சுமார் 85 கிராம், பின்னதில் 90 கிராம், பேதம் சொற்பம். ஆகவே காபிக்கும் மோருக்கும் அதிக விலை கொடுப்பது அனாவசியம். வெண்ணெய் எடுக்கும் எண்ணத்துடன் சமன்படுத்திய பாலை வாங்கித் தயிராக்கிக் கடைகிறவர்களுக்கு மத்துத் தேய்வதே மிச்சம்.

"பையில் வந்த பாலில் ஆடை படியவில்லை, ஏதோ கலந்திருக்கிறது" என்ற புகாரும் பல இடங்களில் கேட்பது. சீட்டில் "ஹோமோஜினைஸ்டு" என்ற வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கொழுப்புத் திவலைகளை உடைத்துப் பால் முழுவதிலும் பரவச் செய்தது என்று அதற்கு அர்த்தம். அவ்விதப் பாலில் கொழுப்பு மேலே ஏறிவராது. "பாஸ்டரைஸ்டு" எனில் பொதுவாக 72 டிகிரி சென்டிகிரேடில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிரவைத்தது. அதைக் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும். "யு.எச்.டி." எனில் 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கிக் கிருமி புகாத பெட்டியில் அடைத்தது. அப்பெட்டி வெளியில் மாதக்கணக்காகக் கெடாமலிருப்பதற்குக் காரணம் அந்தச் சூடும் அந்த அடைப்பும்தான். மருந்து கலந்ததாகச் சிலர் நினைப்பது தவறு. ஆனால் பெட்டியைத் திறந்துவிட்டால் அதுவும் மற்றப் பாலைப் போன்றதே.

சில வருஷங்களாக "ஏ-2 பால்", "ஏ-2 நெய்" என்ற பெயர்களில் இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள். பாலிலுள்ள புரதங்களில் ஒன்றான பீட்டா கேசீனில், 67-வது இடத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கொண்டு ஏ-1 என்றும் ஏ-2 என்றும் பிரித்திருக்கிறார்கள். நமது காங்கேயமும் உம்பளச்சேரியும் எருமைகளும் பெரும்பாலும் ஏ-2 வகையையே கொடுக்கின்றன. வீட்டில் அவ்வித மாடு உள்ளவர் அதைக் கடையில் தேடவேண்டியதில்லை. நெய் விஷயத்தில் இது வேடிக்கையாகவே இருக்கிறது: நெய்யில் 100-க்கு 99.5 பங்கு கொழுப்பு. புரதமே ஏறக்குறைய இல்லாத பொருளுக்குப் புரதத்தின் பெயரால் விலையேற்றுகிறார்கள். இப்பெயர்களைச் சீட்டுக்களிலிருந்து நீக்கவேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டு 21-ந் தேதி உத்தரவிட்டது. அதே மாதம் 26-ந் தேதி அவ்வுத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆதலால் அவரவர் புத்தியே இதில் துணை.

ஐஸ்கிரீம் என்று நினைத்துக் குழந்தைகளுக்கு வாங்கும் கிண்ணத்திலும் பெயரைப் பார்க்கவேண்டும். "ஐஸ்கிரீம்" என்றிருந்தால் அதில் பால் கொழுப்பு 100-க்கு 10 பங்குக்குக் குறையலாகாது. "பிரோஸன் டெஸர்ட்" என்றிருந்தால் அதில் பனை எண்ணெய் முதலிய தாவரக் கொழுப்பு இருக்கும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரிக் கிண்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாம் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு விலை கிடைக்கவேண்டுமானால், பால் என்று நினைத்துப் பனை எண்ணெயை வாங்குவதை நாமாவது நிறுத்தவேண்டும்.

நெய்

சீட்டை வாசியாமல் நானே ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்த்திகை மாதத்தில், வேலை முடிந்து வரும் வழியில், பசுவின் படம் போட்ட நெய்ப் புட்டி ஒன்று மலிவாக இருந்ததால் வாங்கி வந்தேன். என் மனைவி பருப்பு சாதத்துக்கு அதை உருக்க எடுத்தவள், புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் சாப்பிடவா வாங்கிவந்தீர்கள்?" என்று கேட்டாள். பின்பக்கத்தின் கீழ்க்கோடியில், "தீபம் ஏற்றுவதற்கு மட்டும், உண்பதற்கல்ல" என்றிருந்தது. ஊர் ஊராகச் சென்று உபதேசம் செய்கிறவன் வீட்டில் நடந்தது இது. விளக்குக்கு விற்கும் நெய்யில் லைசென்சு எண் இருக்கிறதா, சேர்மானம் எழுதியிருக்கிறதா என்று அன்று முதல் பார்க்கத் தவறுவதில்லை.

நெய்க்கு "அக்மார்க்" முத்திரை சிலாக்கியமானது. விவசாயத்தைப் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் 1928-ல் கொடுத்த யாதாஸ்தின்மேல், விளைபொருள் விற்பனைக்கென்று ஒரு மத்திய இலாகா 1935-ல் ஏற்பட்டது. விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் 1937-ல் இயற்றப்பட்டது. அம்முத்திரையின் பெயரே அக்மார்க். ஆரம்பகாலத்தில் இம்முத்திரை பெற்ற பொருள்களில் நெய்யும் முட்டையும் சேர்ந்தவை. அக்மார்க் நெய்யில் "ஸ்பெஷல்" தரத்துக்குக் காறலை உண்டாக்கும் கொழுப்பமிலம் 100-க்கு 1.4 பங்குக்கு மேற்படலாகாது. "ஜெனரல்" தரத்துக்கு 2.5 வரை இருக்கலாம். முத்திரையில்லாத நெய் கெட்டதென்று இதனால் ஏற்படாது; முத்திரை பெறுவது விற்பவரின் இஷ்டம். ஆனால் முத்திரையுள்ள நெய்யை ஒருவர் பரீக்ஷை பார்த்திருக்கிறார் என்பது நிச்சயம்.

நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஏற்பாடு உண்டு. எள் பயிரிடும் நமக்கு அது ருசிகரமாக இருக்கும். வனஸ்பதி செய்கிறவர்கள் அதில் 100-க்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும். நல்லெண்ணெயுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்ப்யூரால் என்ற திரவமும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு உண்டாகும். ஆகவே நெய்யில் வனஸ்பதி இருந்தால் இப்பரீக்ஷையில் நல்லெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். வேறு எண்ணெய்களோ மிருகக் கொழுப்போ கலந்திருந்தால் இப்பரீக்ஷை ஒன்றும் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

முட்டை

முட்டையின் சீட்டு பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு நின்றுவிடுகிறது. நாம் அட்டியில் வாங்கும்போது அதுவும் இல்லை. அக்மார்க் விதிப்படி முட்டையை எடையால் பிரிக்கிறார்கள்: 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. சத்துணவுக்கு முட்டை வாங்கும் ஒப்பந்தங்களில் கேட்கப்பட்டு வந்திருப்பது நடுத்தர அளவு. 30 முட்டை கொண்ட ஒரு அட்டியில், அட்டியின் எடை நீங்கலாக, 1 கிலோ 350 கிராமுக்குக் குறையக்கூடாது என்று இதிலிருந்து ஏற்படுகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தைப் பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு தராசைக் கொண்டுபோய் ஓர் அட்டியை நிறுத்துப் பார்த்தால், ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். குழந்தைகளுக்குச் சேரவேண்டியது சேருகிறதா என்பது அந்த ஐந்து நிமிஷத்தில் தெரியும்.

எடைக்கு அடுத்தது உட்புறம். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. நாள் ஆக ஆக அது பெரிதாகும். முதல் தரத்துக்கு அதன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குள்ளும், இரண்டாந் தரத்துக்கு 8-க்குள்ளும் இருக்கவேண்டும். இருட்டறையில் டார்ச்சு விளக்கின் முகத்தில் முட்டையை வைத்துப் பார்த்தால் அந்த அறை நிழலாகத் தெரியும். தண்ணீரில் இட்டால் புதிய முட்டை படுத்துக் கிடக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் அதை வாங்கலாகாது.

ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிறம் தீனியைப் பொறுத்தது. மக்காச்சோளமும் கீரையும் தின்றால் நல்ல மஞ்சளாகும். இதை அறியாத பட்டணத்து ஜனங்கள் பழுப்பு முட்டைக்கு அதிக விலை கொடுப்பதால், வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து நாட்டுக்கோழி முட்டையாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் பல சமயங்களில் வெளிப்பட்டுவிடும். உண்மையான நாட்டுக்கோழி வளர்க்கும் நம் பெண்களுக்குக் கிடைக்கவேண்டிய விலையையே இவர்கள் கெடுக்கிறார்கள். மேலும், விற்பனைக்குப் போகும் முட்டையைக் கழுவலாகாது. ஓட்டின்மேலுள்ள இயற்கையான பூச்சு போய்விட்டால் முட்டை சீக்கிரம் கெடும்.

சைவர்கள் கவனிக்கவேண்டிய குறி ஒன்றுண்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவப் பொருள். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவத்தைக் குறிப்பது. 2020-ம் வருஷத்து விதிகளுக்கு முன் அதுவும் வட்டமாகவே இருந்தது. நிறம் சரியாகத் தெரியாத கண்ணுள்ளவர்களுக்கு இம்மாற்றம் உபகாரமானது. பாலும் பால் பொருளும் பச்சைக் குறியில் அடங்கும். முட்டை சேர்ந்த கேக்கும் ரொட்டியும் பழுப்புக் குறியில் அடங்கும்.

மாமிசம்

ஆட்டிறைச்சிக்கு நம் பக்கத்தில் சீட்டு என்பதே அநேகமாக இல்லை. நகரங்களில் இறைச்சிக்கூடத்தில் கால்நடை வைத்தியர் ஆட்டை உயிருடன் ஒருமுறையும் அறுத்தபின் ஒருமுறையும் பார்த்து இடும் முத்திரையே அதன் சீட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோர மரத்தில் தொங்கும் மாமிசத்துக்கு அந்த முத்திரை கிடையாது. பையில் அடைத்த கோழி மாமிசத்தில் "சில்டு" என்றிருந்தால் 0 முதல் 4 டிகிரியிலும், "பிரோஸன்" என்றிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியிலும் வைத்திருக்கவேண்டும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைத்திருந்தால் பைக்குள் சிவந்த நீர் பனிக்கட்டியாகத் தேங்கியிருப்பது பெரும்பாலும் அடையாளம். கறிக்கோழியை ஊசி போட்டுப் பெருக்கவைக்கிறார்கள் என்ற வதந்தியை நான் நம்புவதில்லை. அதன் வளர்ச்சி ஜாதித் தேர்விலும் தீனியிலும் உள்ளது. ஆயிரக்கணக்கான கோழிக்கு ஊசி போட யாருக்கும் கையோ காசோ போதாது. பயப்படவேண்டியது வேறொன்று, அது கோழிக்கு மட்டுமல்ல, நம் தொழுவத்துக்கும் சேர்ந்தது.

தொழுவத்தில் வாசிக்கவேண்டிய சீட்டு

இரண்டு வருஷங்களுக்கு முன், காவிரிப் பாசனத்துக் கிராமமொன்றில் நான் அறிந்த ஒரு மிராசுதார், "ஐயா, நாலு நாளாக எங்கள் வீட்டில் தயிர் தோயவில்லை. கண் திருஷ்டி என்று இவள் சொல்லுகிறாள். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார். உறையை மாற்றிப் பார்த்தாயிற்று. பாத்திரத்தை மாற்றிப் பார்த்தாயிற்று. அண்டை வீட்டு உறை வாங்கியும் பார்த்தாயிற்று. தொழுவத்துக்குப் போனேன். கறவைப் பசு ஒன்றுக்கு மடிநோய் கண்டு, ஒரு காம்பு வீங்கியிருந்து, அப்போது வாடிக்கொண்டிருந்தது. மருந்து போட்டீர்களா என்று கேட்டதற்கு, எரவாணத்திலிருந்து காலி மருந்துக் குழாய்களையும் ஒரு அட்டைப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தில், மருந்து நிறுத்தியபின் இத்தனை நாள் பாலை மனிதர் உபயோகிக்கக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. அதை அவரும் வாசிக்கவில்லை. மருந்து கொண்டுவந்து கொடுத்தவரும் சொல்லவில்லை.

கிருமியைக் கொல்லும் மருந்து பாலில் இறங்கினால், தயிரைத் தோய்க்கும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். தயிர் தோயாததற்கு அவர் வீட்டில் அதுவே காரணம். மற்றொரு விஷயத்தை அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வைத்துக்கொண்டது அரை லிட்டர். மிச்சத்தை அந்த நாலு நாளும் சங்கத்தில் ஊற்றியிருந்தார். அது ஊரார் பாலோடு ஒரே கேனில் கலந்து போய், எந்தப் பையில் யார் வீட்டுக் குழந்தைக்குச் சேர்ந்ததோ! அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. மோசம் செய்கிற மனிதர் அல்லர் அவர். தண்ணீர் ஒரு சொட்டுக் கலந்தறியாதவர்.

இவ்விஷயத்தில் சட்டம் இப்படியிருக்கிறது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குரிய மருந்தின் சீட்டில், மருந்து உடம்பைவிட்டு நீங்கும் காலத்தை அச்சிடவேண்டுமென்று 2012-ம் வருஷம் விதி செய்யப்பட்டது. அம்மருந்துக்கென்று பரீக்ஷித்து நிர்ணயித்த காலம் இல்லாவிடில், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையாமலும், ஆடு மாடு கோழி மாமிசத்துக்கு 28 நாளுக்குக் குறையாமலும் கணக்கிடவேண்டும். ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போகும் கறிக்கோழிக்கு 28 நாள் என்பது அதன் ஆயுளில் பெரும்பாகம். ஆகவே கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், தண்ணீரில் கலக்கும் மருந்து ஒவ்வொன்றின் சீட்டையும் வாசியாமல் வாளியில் கையை வைக்கலாகாது. மனிதருக்குக் கடைசி உபாயமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைப் பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. இவ்வித மருந்துகள் சொற்ப அளவில் தினந்தோறும் உணவில் சேர்ந்தால், அவைகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகும்; பிறகு நம் வீட்டில் ஒருவருக்கு நோய் வரும்போது மருந்து பலிக்காது. பாலைக் காய்ச்சிவிட்டால் மருந்து போய்விடும் என்று எண்ணுவது பிசகு. பெரும்பாலான மருந்துகள் காய்ச்சுவதில் அழிவதில்லை.

செய்யவேண்டியது கஷ்டமான காரியமன்று. ஊசியோ காம்பு மருந்தோ போட்டால், கடைசியாகப் போட்ட தேதியையும் பால் ஊற்றக்கூடிய தேதியையும் தொழுவச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடவேண்டும். பால் கறக்க வரும் ஆளுக்கும் அதைக் காட்டவேண்டும். ஒரு காம்புக்கு மட்டுமே மருந்து போட்டாலும், இரத்தத்தில் கலந்து மற்ற மூன்றிலும் அது இறங்கும். நான்கு காம்புப் பாலையும் தனியே கறந்து குழியில் ஊற்றவேண்டும். கன்றுக்கும் கொடுக்கவேண்டாம். கால்நடை வைத்தியரிடம் மருந்தின் பெயரைப்போலவே நாட்கணக்கையும் கேட்டு வாங்கவேண்டும். மருந்துப் பெட்டியைக் காலம் முடியும்வரை எறியாமல் வைத்திருக்கவேண்டும்.

நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 7 நாள் என்றால் 56 லிட்டர் நஷ்டம். ஒரே மாட்டை வைத்து ஜீவனம் செய்கிற ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று; இதனால்தான் பலர் தெரிந்தும் ஊற்றிவிடுகிறார்கள். அந்நஷ்டத்தில் ஒரு பகுதியைச் சங்கத்தின் நிதியிலிருந்து ஈடுசெய்தால் உண்மையைச் சொல்ல அங்கத்தினர்கள் முன்வருவார்கள் என்பது என் அபிப்பிராயம். இது இலாகாவின் அபிப்பிராயமென்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆயினும் சங்க நிர்வாகஸ்தர்கள் தங்கள் கூட்டத்தில் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

தாமே விற்கிறவர்களுக்கு

தம் பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் அங்கத்தினர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் நெய்யுருக்கிப் புட்டியில் அடைத்தோ, முட்டையைப் பெட்டியில் அடைத்தோ தம் பெயரில் விற்க நினைப்பவர் பதிவோ லைசென்சோ பெற்று, அந்த 14 இலக்க எண்ணைச் சீட்டில் அச்சிடவேண்டும். அவ்வெண்ணின் முதல் இலக்கம் 1 எனில் லைசென்சு, 2 எனில் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அதற்கடுத்த இரண்டும் வருஷத்தையும் குறிப்பன. நெய்ப் புட்டியில் பசுநெய்யா எருமைநெய்யா என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். உருக்கிய தேதியை மறக்கலாகாது. நோய்களைத் தீர்க்கும் என்று எழுதினால் சட்டத்துக்கு விரோதமாகும்.

கடையில் வாங்கிய பொருளில் சந்தேகம் உள்ளவர், ஜில்லாவின் உணவுப் பாதுகாப்பு நியமன அதிகாரிக்கு எழுதலாம். பையைக் கழுவிவிடாமல், சீட்டின் தொகுதி எண் தெரியும்படி, கடைச் சிட்டாவுடன் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும். வாங்குகிறவரே பொருளைப் பரீக்ஷை செய்விக்கவும் 2006-ம் வருஷத்துச் சட்டத்தின் 40-வது பிரிவில் இடமுண்டு. வாங்கும்போதே பரீக்ஷைக்காக வாங்குவதாகக் கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி அரசாங்க உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஒப்படைக்கவேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானதென்று யாதாஸ்து வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.